இரவல் கை

நாற்பத்தோராம் நம்பர் சீட்டோடு
பீடோர் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன்,
இனிப்பு நீருக்கு ரத்தம் கொடுக்க.
சுவரில் மாட்டிய டிவியில்
சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருந்தாள்
டெல்மா கார்வர்.
முதலில் தொண்ணூற்றொரு வயதுக் கிழவி,
அப்புறம் ஐம்பது,
அப்புறம் இருபத்தெட்டு.
செய்திக்காரர்கள் அப்படித்தான்,
ஆளைப் பின்னாலிருந்து உரிப்பார்கள்.

என் பெயர் வெள்ளையம்மா.
சட்டிக்கரி நிறத்துக்கு அப்பா வைத்தது.
படக்காரர்கள் தோட்டத்துக்கு வந்த வருஷம்
கிராணி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட,
தெரிந்த நாலு சொல் தமிழோடு
துரை அவளைக் கூட்டிவந்து நிறுத்தினார்.

கதையில் அவள் ஒரு துரையின் விதவை.
ஆளெல்லாம் ஓடிப்போக
தானே இறங்கிப் பால் வெட்டுவாளாம்.
பெரட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம்.
உளியைக் கொடுத்தோம். வெட்டினாள்.
பட்டை தாண்டி மரத்தின் எலும்பில் போய் இடித்தது.
ஒன்பது மரம் காயம்.
தண்டல் தலையில் கை வைத்துக்கொண்டார்.
பிறகு டைரக்டர்
எங்கள் கைகளை வரிசையாகப் பார்த்து வந்தார்,
சந்தையில் வெண்டைக்காய் பார்ப்பதுபோல்,
நுனி ஒடிக்காத குறை.

எனக்கு மெலிந்த விரல்.
முழங்கை வரை மாவு பூசினார்கள்.
நகக்கண்ணில் ஒட்டுப்பால் கறுப்பு
மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை.
அவள் மோதிரம் என் கணுவில் நின்றுவிட்டது,
சவுக்காரம் போட்டு ஏற்றினார்கள்.
இறக்க இன்னொரு சவுக்காரம்.

மழைக்கு ஒதுங்கியபோது
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
என் மாவுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
நாலு மரம் வெட்டும் நேரம் பேசினாள்.
கண் கலங்கியது, சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள்.
என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.
கிராணி சொன்னார்:
"துணி வெளுக்கிறவ மகளாம்."
மிச்சத்தை அவரே வைத்துக்கொண்டார்.

பதினைந்து வெள்ளி தந்தார்கள்.
அவளுக்கு விருது தந்தார்கள்.
போட்டோக்கடை ஆ லோக் புத்தகத்தில் காட்டினான்:
விருதைக் கட்டிப் பிடித்திருக்கிறாள்,
இரண்டு கையிலும் முழங்கை வரை வெள்ளை உறை.
படம் ஈப்போவில் ஓடியதாம்.
ராத்திரியில் திரும்ப பஸ் கிடையாது.

அப்புறம் ஆ லோக்கின் புத்தகங்களில்
அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
நாலு கல்யாணம். ஆறு வருஷம் குடி.
திரும்பி வந்து அம்மா வேஷம்,
பிறகு நீதிபதி, பிறகு ஒரு தொடரில் பிணம்.
எனக்கு ஒரே புருஷன், அதுவே போதும் என்றாகிவிட்டது.
பால் மரம் போய்ச் செம்பனை வந்தது,
செம்பனையும் கைமாறியது.
டவுன் பக்கம் மலிவு வீடு, நாலாம் மாடி, லிப்ட் இல்லை.
நாற்பத்தாறு வயதில் கையுறைத் தொழிற்சாலை.
சங்கிலியில் தொங்கி வரும் பீங்கான் கைகள்,
நாளெல்லாம், ஆயிரம், பத்தாயிரம்,
முழங்கை வரை பால் குளித்த வெள்ளைக் கைகள்.
ஓட்டை பார்ப்பது என் வேலை.
சில நாள் ஷிப்ட் முடியும்போது
சவுக்காரம் வாசம் அடிக்கும்.
அங்கே சவுக்காரமே கிடையாது.

டிவியில் இப்போது ஒரு மரம்.
எனக்குத் தெரிந்த மரம்,
இருபத்திரண்டாம் நிரை, ஓடையோரம்.
கை வருகிறது.
உளி சாய்கிறது, ஒரே இழுப்பு,
சீவல் சுருண்டு விழ
பால் கோட்டில் இறங்குகிறது.
மூன்று விநாடி இருக்கும்.
அதற்குள் அவள் முகம் வந்துவிட்டது.

அழகான முகம்தான். யார் இல்லை என்றது.
ஆனால் வெட்டைப் பார்த்தேன்:
ஆழமும் இல்லை, மேலோட்டமும் இல்லை.
மரத்துக்கு நோகவில்லை.

பக்கத்து மலாய்க்காரம்மா
"பாண்டாய் டியா" என்று தலையாட்டினாள்.
கெட்டிக்காரிதான் என்று நானும் ஆட்டினேன்.

"மாக்சிக், எம்பாட் புலோ சத்து."
எழுந்து போனேன்.
எந்தக் கை என்று கேட்டாள் நர்ஸ்.
வலது கையை நீட்டினேன்.
ஊசி முதல் தடவை இறங்கவில்லை.