கொட்டகலை என்றால் ஸ்கிரீன்

நாளைக்கு அறிவிப்புப் பலகையில்
என் பெயர்தான் முதலில் இருக்கும்:
லோகதர்ஷினி, சென்டர், இருபத்தொரு புள்ளி.
புனிதமலர், பொயின்ட் கார்ட், இரண்டு.
அதுவும் ஃப்ரீ த்ரோ.

அந்த இருபத்தொன்றில்
நான் தேடிப்போய் எடுத்த பந்து ஒன்றுகூட இல்லை.
கை விரித்த இடத்தில் வந்து விழுந்தது,
சில நேரம் விரிக்கும் முன்பே.
ஒருமுறை மூக்கில்.
"நீ கைய தூக்கியிருக்கணும்" என்றாள்,
என் இரத்தத்தைத் தன் பனியனில் துடைத்தபடி.

என் தோளுக்குத்தான் வருவாள்.
நடுக்கோட்டைத் தாண்டும்போது
ஹட்டன் பஸ் நிலையத்துக் கண்டக்டர் மாதிரிக் கூவுவாள்.
கொட்டகலை என்றால் நான் ஏறிவந்து ஸ்கிரீன் போட வேண்டும்.
கினிகத்தேனை என்றால் இறக்கம், திரும்பிப் பார்க்காமல் ஓட்டம்.
வட்டவளை என்றால் மழை:
எல்லாரும் ரிங்குக்குக் கீழே ஒதுங்கி
ஐந்து குடையாய்க் கை விரித்து நிற்க வேண்டும்.
கண்டிப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயர்கள் தெரியும்,
பாதை தெரியாது.

எங்கள் கோர்ட்டில் ஒரு செத்த இடம் உண்டு.
கன்டீன் பக்க மூலைக்கு ஆறடி முன்னால்
சீமெந்து வெடித்து உள்ளே பொள்ளல்.
அங்கே பட்ட பந்து முழங்காலுக்கு மேல் எழும்பாது.
அந்தப் பக்கம் நாங்கள் அடிக்கும் பாதியில்
தூங்கும் நாயைத் தாண்டுவதுபோல் சுற்றிப் போவாள்.
அந்தப் பக்கம் நாங்கள் காக்கும் பாதியில்
மறிப்பதாகவே தெரியாது.
ஓரடி விட்டுக்கொடுப்பாள். இன்னும் ஓரடி.
வந்த பிள்ளை
தானே வழி கண்டுபிடித்த சந்தோஷத்தில்
நேரே அதன்மேல் தட்டும்.
பிறகு பந்து எங்களுடையது.

மூன்றாம் காற்பகுதியில் மூடுபனி இறங்கியது.
முதலில் ரிங் போனது, பிறகு பலகை,
பிறகு விசிலை மட்டும் விட்டுவிட்டு நடுவரும் போனார்.
"ரேணு, வலப்பக்கம் ஆள்.
லோகா, பின்னால பாக்காத. நான் இருக்கேன்."
பார்க்கவில்லை.
இருந்தாள்.

நான்கு நிமிடம் மிச்சம், ஒன்பது புள்ளி முன்னால்,
அவளுக்கு ஐந்தாவது ஃபவுல்.
துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நாங்கள் மோசமாக ஆடவில்லை.
ஆளுக்கொரு ஆட்டம் ஆடினோம்.
பதிலுக்கு வந்த சின்னப் பிள்ளை
பந்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள், எட்டு செக்கன் விசில் வரை.
நான் ரிங்கடியில் கை விரித்து நின்றேன்,
மழைக்கு எடுக்க மறந்த துணிபோல.
"வட்டவளை!" என்று பெஞ்சிலிருந்து கத்தியது கேட்டது.
ஐந்து பேரும் ஒரே குடைக்குள் ஓடினோம்.

இரண்டு புள்ளியால் தோல்வி.

ஆறரை பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை.
அவள் எனக்குப் பின்னால் எங்கோ,
மரக்கறி மூட்டைகளுக்கு நடுவே. பேசவில்லை.
நானும்.

"கொட்டகலை! கொட்டகலை இறங்கிறவங்க முன்னுக்கு வாங்க!"

கால் தானாக அகன்றது. முழங்கை உள்ளே போனது.
நெரித்துக்கொண்டு வந்த ஒரு பருத்த மனிதர்
குடையோடு என் முதுகில் மோதி நின்றார்.
அந்த இடுக்கில்
என் இடுப்பை உரசிக்கொண்டு போனாள்,
என்னைப் பார்க்காமல்,
எப்போதும்போல.