தண்ணீரில் இறக்கம் இல்லை

டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து
மறுபடி விட்டு இழுத்தால்
பால் தேத்தண்ணி நிறம்.
"தண்ணி உள்ளுக்குப் போயிட்டுது அக்கா" என்றான் டெலிமா,
இழவு சொல்பவன்போலக் குரலைத் தாழ்த்தி.

பதினாலு மாதம் காக்கைத்தீவில்
தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது.
ஓட்டோக்கள் பெற்றோலுக்கு இராவிராவாய் வரிசையில் கிடந்த நாட்களில்
என் நீலப் படகுக்கும் ஒரு கான் என்று
எந்த வாயால் கேட்பது?
ஹொட்டேல் ஏலத்தில் எடுத்தது,
பதினாறு அடி, நாற்பது குதிரை.
தங்கச்சிக்கு இன்றுவரை விலையைச் சொல்லவில்லை.

பஞ்சிகாவத்தை.
நவ்ஸர் கடையில் நிற்கவே இடமில்லை,
கழற்றிய ரேடியேட்டர்களுக்கு நடுவே ஒருகால் வைத்து நிற்கிறேன்.
கார் ஒயில் ஒன்றை மேசையில் வைக்கிறார்.
"எல்லாம் ஒரே ஒயில்தான் மிஸ்,
பேரும் போத்தலும்தான் வேற."

இதே வசனத்தை
வெள்ளவத்தை ஃபார்மசியில் அன்று காலை
பிரஷர் குளிசைக்கு வந்த பெண்ணிடம்
நானே சொல்லியிருந்தேன்.
இதே சிரிப்போடும்கூட.
நான் சொன்னது உண்மை.
அவளும் என்னை இப்படித்தான் பார்த்தாள்.

இருபத்திரண்டு வருசமாக லேபல் வாசிக்கிற கண்.
பத்து டபிள்யூ முப்பது: சரி.
நாலு ஸ்ட்ரோக்: சரி.
எஃப் சி டபிள்யூ என்ற மூன்று எழுத்தைத் தேடுகிறேன்,
போத்தலைச் சுற்றிச் சுற்றி,
அடியில்கூட.
இல்லை.

டெலிமாவுக்குக் கோல் எடுத்தேன்.
"காருக்கு இறக்கம் இருக்கக்கா.
கடுகண்ணாவ ஏறினா அங்கால காலை எடுக்கலாம்.
தண்ணியில எங்க இறக்கம்?
கயிறு அவிழ்த்தா திரும்பக் கட்டும்வரைக்கும்
ஏத்தம்தான்.
உப்பு வேற. நீங்க வேற மாசக்கணக்கா நிப்பாட்டி வைக்கிறீங்க."

கடைசியில் இரண்டையும் வாங்கினேன்.
நவ்ஸரின் மலிவு ஒயில் கழுவ,
பத்து நிமிசம் ஓடவிட்டு ஊற்றி எடுக்க.
மற்றது பின்பக்க அலுமாரியில், தூசிக்குள் இருந்தது,
இரண்டரை மடங்கு விலை.
"இத மீன்பிடிக்காரங்ககூட வாங்கிறதில்ல" என்றார்.
அவர்களுக்கு நாளைக்கும் கடல் இருக்கிறது, நாளன்றைக்கும்.
எனக்கு ஞாயிறு மட்டும்.

பதிவுப் படிவத்தில் மூன்று பெட்டி:
மீன்பிடி, போக்குவரத்து, பொழுதுபோக்கு.
மூன்றாவதில் புள்ளடி போடக் கை கூசிற்று,
பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதுகிறவள்போல.
எங்கள் வீட்டில் படகேறியவர்கள்
எல்லோரும் ஒருவழிதான் ஏறினார்கள்,
மண்டபத்துக்கு மூன்று பேர், இராவில்.
திரும்பி வருவதற்கென்றே ஏறுகிறவள்
நான்தான் முதல்.

புது ஒயில் தேன்போல இறங்கியது.
டிப்ஸ்டிக் நுனியில் என் விரல் தெரிந்தது
மறுபக்கத்திலிருந்து.
முதல் உதையில் இல்லை, நாலாவதில் பிடித்தது.
புகை வந்து, இருமி, பிறகு சத்தம் தட்டையாகி
கழனி வாயை நோக்கி மெதுவாக.

நேவிக் காவலில் ஒரு பொடியன்,
மீசை இன்னும் முடிவெடுக்காத வயசு.
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
பெயரில் கொஞ்சம் நேரம் நின்றான்.
எங்கே போகிறீர்கள்?
எங்கேயும் இல்லை.
எதற்கு?

'சும்மா'வுக்குச் சிங்களம் தேடினேன்.
"நிக்கங்" என்றேன்.
பேனையை வைத்துக்கொண்டு யோசித்தான்.
பிறகு கொப்பியில் அந்தக் கட்டத்துக்குள்
அதையே எழுதினான்.

மிச்சம் அரை லீற்றர் இருக்கிறது.
போத்தலின்மேல் ஃபார்மசி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்,
கை பழக்கம்:
நூறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை.
குலுக்கத் தேவையில்லை.
பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவும்.