ஆடிப் பட்டினி

நாகலூர் மிளகுக்கொடியில்
காய்ந்த சருகென்று உதறப் போனேன்.
சருகு திரும்பிப் பார்த்தது.
எட்டுக் கண்ணில் முன்னிரண்டு மட்டும்
காரின் முகப்பு விளக்குபோலப் பெரிசு.

இருபது கொண்டை ஊசி வளைவிலும்
மடியில் பேடா டப்பா.
பக்கத்து சீட்டுக்காரர் ஒன்று கேட்டுவிடுவாரோ என்று
ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

பெயர் வைக்கவில்லை.
கூப்பிட்டால் வரும் சாதியில்லை அது.
அதுதான் மற்றவர்களைக் கூப்பிடும்.

ஈ வேண்டாம். கொசு வேண்டாம்.
கரப்பான் குஞ்சைப் போட்டால்
உடைந்த பென்சில் முனையைப் பார்ப்பதுபோல் பார்க்கும்.
சிலந்தி தின்னும் சிலந்தி.

அம்மாபேட்டையில் இரண்டாம் மாடி, ஒற்றை அறை.
குளியலறை மூலையில் நெட்டைக்கால் ஒன்று
வாளிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.
டப்பாவைத் திறந்து வைத்தேன்.
நேராகப் போகவில்லை.
போகும் வழியைக் கண்ணாலேயே நடந்து பார்த்துவிட்டு
குழாயின் பின்னால் மறைந்து
கூரையோரமாய்ச் சுற்றி வந்து
வலையின் விளிம்பில் ஒரு கால் வைத்தது.

ஒரு தட்டு. நிறுத்தம்.
இரண்டு தட்டு. மெல்ல ஒரு சிலுப்பல்,
சிக்கிய கொசு கடைசியாய்த் துடிக்கிற மாதிரி.
நெட்டைக்கால் அசையவில்லை.
வேறு தாளம். வேறு.
முக்கால் மணி நேரம் வேறு வேறு.
எந்தத் தாளத்துக்கு அது திரும்பியதோ
அதையே பிடித்துக்கொண்டது பிறகு.

நான் வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்தேன்.
ஆபீசுக்கு லேட்.

ஐந்து ரோட்டுக்குப் பக்கம், ஹெட்செட்,
தவணை தவறியவர்களின் பட்டியல்.
"அக்கா சாப்ட்டீங்களா" ஒரு குரல்.
"மேடம், கடைசி நோட்டீஸ்" ஒரு குரல்.
வேறு நம்பரிலிருந்து "கூரியருங்க" ஒரு குரல்.
சூப்பர்வைசர் தில்ஷாத் சொல்வாள்,
உனக்குக் குரல் ராசி.

வாரத்துக்கு இரண்டு வேண்டும்.
குளியலறை தீர்ந்தது. மீட்டர் பெட்டி தீர்ந்தது.
மாடிப்படிக்கு அடியில் குனிந்து கிடந்தபோது
வீட்டுக்கார சௌடம்மா கேட்டாள்,
"வாடகையும் குடுத்து ஒட்டடையும் அடிக்கிற,
எதாச்சும் வேண்டுதலா?"

ஆடி பிறந்தது.
கோட்டை மாரிக்கு ஊரே வெள்ளையடித்தது.
நான் டப்பாவோடு
ஒட்டடைக் குச்சிகளுக்கு முன்னால் ஓடினேன்,
எதிர்வீட்டுக்கு, தறிக்கூடத்துக்கு, ரேஷன் கடைக்கு.
எல்லாச் சுவரும் சுண்ணாம்பு மணத்தது.
மூலைகள் வெறும் மூலைகளாக இருந்தன.

ஒன்பதாம் நாள்.
வயிறு ஒட்டிய சருகு
மூடியில் தலைகீழாக.
அறைக்குள் நான் எந்தப் பக்கம் போனாலும்
முன்னிரண்டு கண்ணும் அந்தப் பக்கம்.

அன்றைக்கு வாழப்பாடி நம்பர்.
பத்து நாளாக எடுக்காத பூவாயி,
முப்பத்தெட்டாயிரம் பாக்கி.
கூரியர் குரலுக்கு எடுத்துவிட்டாள்.
எழுதிக் கொடுத்த வசனத்தில் பாதி வந்திருப்பேன்.
"பண்டிகைக்குச் சுண்ணாம்பு வாங்கக்கூட காசில்லீங்க,
வீடெல்லாம் நூலாம்படை" என்றாள்.

என் வாய் வசனத்தைத் தாண்டிக் கேட்டது:
"சிலந்தி இருக்கா?"

அந்தப் பக்கம் ஒரு கோழி கொக்கரித்தது.
"ஏங்கண்ணு," கோபமே இல்லாமல் கேட்டாள்,
"வட்டிக்கு அதையும் எடுத்துக்குவீங்களா?"

மேசையில் என் விரல் தட்டிக்கொண்டிருந்தது,
ஒரு தட்டு, இரண்டு தட்டு.
எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை.
குறிப்புக் கட்டத்தில் அடித்தேன்:
எடுக்கவில்லை.

புதன்கிழமை உள்ளூர் விடுமுறை.
பஸ் ஸ்டாண்டில் வாழப்பாடி வண்டி உறுமிக்கொண்டிருந்தது.
ஏற்காடு வண்டியில் டிரைவர் இன்னும் ஏறவில்லை.
டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டு
இரண்டிலும் கண்ணாலேயே ஏறி இறங்கியபடி
டிக்கெட் எடுக்காமல்
நிற்கிறேன்.