இருப்புக் கம்பி

லோவ்ரே என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.
ஸ்ப்ளிட் நகர முக்குளிப்போர் சங்கம்,
ஆண்டு எண்பத்து மூன்று,
ஓரத்தில் மங்கிய சிவப்பு நட்சத்திரம்.
"இந்த நாடு எங்கள் கணினியில் இல்லை, அம்மணி."
வெளியிலும்தான் இல்லை, தம்பி.
சிரித்துவிட்டுத்
'தொடக்கநிலை' என்று எழுதிக்கொள்கிறான்.

படிவத்தில் இதயம், ஆஸ்துமா, மயக்கம்.
எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று கோடு கிழித்தேன்.
பயத்துக்குக் கட்டம் வைக்கவில்லை.

ஏன் விட்டீர்கள் என்று படகில் கேட்டான்.
ஒரு விபத்தைச் சொல்லியிருந்தால்
அவனுக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.
விபத்தெல்லாம் ஒன்றுமில்லை.
ஒரு கோடை தவறியது, காதில் சீழ்.
அடுத்த கோடை போர்.
அப்புறம் மகன், அப்புறம் ஸாக்ரெபில் மருந்துக்கடை,
அப்புறம் முதுகு.
முப்பத்தைந்து வருடம்
ஒரே மூச்சில் சொல்லி முடிந்துவிட்டது.

வாடகை ரப்பர் உடைக்குள் என்னைத் திணிக்க
இரண்டு ஜெர்மன் பெண்கள் வேண்டியிருந்தது.
அந்த நாளில் குழந்தைப் பவுடர் கொட்டி
வெண்ணெயில் கத்தி போல நுழைவேன்.
எல்லாம் புதிது: கொக்கி, குழாய், நிறம்.
ஈயம் மட்டும் அதே ஈயம்.
பழைய கடன்காரனைப் போல வந்து
இடுப்பைக் கட்டிக்கொண்டது.
இரண்டு கிலோ கூடவே கேட்டது, வட்டி.

பின்பக்கமாக விழுந்தேன்.
வானம் ஒரு சுற்று, பிறகு பச்சை.

மூன்று மீட்டரில் காது சாத்திக்கொண்டது.
மூக்கைப் பிடித்து ஊதினேன், திறக்கவில்லை.
ஒரு முழம் மேலே ஏறி,
மரியாதையாக, மறுபடி கேட்டேன்.
கிரீச்.
துருப்பிடித்த கீல் அசைந்தது.

ஒன்பது மீட்டரில் கடற்புல்.
புல்லுக்கு நடுவே விசிறிச் சிப்பிகள்,
முழங்கால் உயரம், நட்டு வைத்தாற்போல.
அப்போது நம் நிழல் பட்டாலே வாய் மூடும்.
இன்றும் நிற்கின்றன.
கையை நீட்டி நிழலை மேலே விட்டுப் பார்த்தேன்.
மூடவில்லை.
இன்னொன்றின் மேல் விட்டேன்.
மூட உள்ளே யாருமில்லை.
ஏதோ நோய் என்று செய்தித்தாளில் படித்திருந்தேன்.
படித்தது வேறு.

அப்போதுதான் மூச்சு கனத்தது,
அல்லது கனத்ததாக நினைத்தேன்.
என்னைக் கேட்காமலே இடது கை
முதுகுக்குப் பின்னால் போயிற்று,
சிலிண்டருக்கு அடியில் தொங்கும் கம்பியைத் தேடி.

அதை இழுத்தால்
ஒளித்து வைத்த காற்று வரும்.
ஐந்து நிமிடம், மேலே போகும் அளவுக்கு.
இருப்பு என்போம்.

கம்பி இல்லை.
எந்தச் சிலிண்டரிலும் இப்போது கம்பி இல்லை.
மணிக்கட்டில் எண்கள் ஒளிர்கின்றன,
நூற்று இருபது, நூற்றுப் பதினெட்டு,
யாரும் எதையும் ஒளித்து வைப்பதில்லை.
கைக்கு இது தெரியாது.
அது தண்ணீரைத் துழாவிக்கொண்டே இருந்தது,
இருட்டில் சுவிட்சைத் தேடுவதுபோல.

லோவ்ரே என்னைச் சுற்றி வந்தான்,
பட்டை சிக்கியதா, முதுகு அரிக்கிறதா என்று.
ஒன்றும் காணாமல்
விரலை வளையமாக்கிக் காட்டினான்: சரியா?

அவன் பிறக்கும் முன்பே கழற்றப்பட்ட கம்பியை
தண்ணீருக்கடியில் எப்படிச் சொல்ல?
அதற்குச் சைகை இல்லை.
மூச்சை இழுத்தேன்.
வந்தது. மறுபடி இழுத்தேன்.
வந்தது, முழுதாய்,
வழக்கம்போல, நான் நம்புகிறேனா என்று பாராமல்.
சரி என்று வளையம் காட்டினேன்.

காலிச் சிப்பி ஒன்றுக்குள்ளிருந்து
விரல் நீளக் குட்டி மீன் எட்டிப் பார்த்து,
எங்கள் இருவரையும் பிடிக்காமல்
உள்ளே போய்விட்டது.

படகில், ஈரத் துண்டின் மேல்,
புதுக் குறிப்பேட்டை விரித்து எழுதினான்.
யாகொடா பெரிசிச். ஆழம் ஒன்பது.
நேரம் முப்பத்தொரு நிமிடம்.
முக்குளிப்பு எண் என்ற இடத்தில்
ஒன்று என்று போட வந்தான்.

பேனாவை வாங்கி
இருநூற்றுப் பதினான்கு என்று எழுதினேன்.