ஏழாவது இலக்கம்

முள்ளந்தண்டு நீர்
கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும்.
செவ்வாய்க்கிழமை வெள்ளென வந்த குப்பியில்
அரிசி களைந்த கழுநீர்.
மிஸ்பாஹ். ஆண். பதினொரு மாதம். மாளிகாவத்தை மாடிவீடு.

தீற்றி, உலர்த்தி, ஊதாச் சாயமிட்டு
நுணுக்குக்காட்டியில் குனிந்தேன்.
சோடி சோடியாய் மெழுகுதிரிச் சுடர்கள் என்று
பாடநூல் சொல்லும்.
எனக்கு எப்போதும் பயற்றம் பருப்புத்தான்,
முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு.

வாட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.
மருந்து ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது.
அவசரம் அத்தோடு முடிந்தது. மிச்சம்
ஒருவரும் ஓடிவந்து கேட்காத கேள்வி:
இது எது? எந்த வழியால் வந்தது?

ஏழு மரபணுக்களைப் படிப்போம்,
ஏழுக்கும் ஏழு இலக்கம். அதுதான் விலாசம்.
வெளியுறையை நம்பி விலாசம் எழுத முடியாது.
நியூமோகொக்கஸ் சட்டை மாற்றும்.
பக்கத்தில் செத்துக் கிடப்பதன் எழுத்துகளைப் பொறுக்கித்
தன் வரியில் கோத்துக்கொள்ளும்.
ஒரு சட்டையை அடையாளம் காணத்
தடுப்பூசி எங்கள் குருதிக்குப் பழக்கிவைத்தால்
அது இன்னொன்றில் வந்து கதவைத் தட்டும்.

இந்த இடத்தில்
சோதனைச் சாவடி, நெற்றியில் அழித்த பொட்டு,
பஸ்ஸால் இறக்கி நிறுத்திய ஒரு பின்னேரம் என்று
நான்கு வரி எழுதினேன்.
வெட்டிவிட்டேன்.
எங்களைக் கிருமி என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.
அவர்களுக்கு நான் உவமை எடுத்துக் கொடுக்கமாட்டேன்.
கிருமி கிருமியாகவே இருக்கட்டும்.

ஆறு இலக்கங்கள் உலகம் அறிந்தவை.
ஏழாவதுக்கு இலக்கம் இல்லை.
நானூறு சொச்சம் எழுத்துகளில் ஒன்றே ஒன்று,
தைமின் நிற்கவேண்டிய இடத்தில் சைற்றோசின்.
மூன்று தரம் திரும்பப் படித்தோம். அதேதான்.
"அலுத் எகெக்" என்றாள் இனோகா,
ஒரு புது ஆள் என்று,
பிரசவ வாட்டுத் தாதியின் குரலில்.
பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

உறைகுளிர்ப் பெட்டியைத் திறந்தோம்.
மின்வெட்டு மாதங்களில்
டீசல் வரிசையில் நின்று நாங்கள் காப்பாற்றிய பெட்டி.
பழைய குப்பிகளில் எங்கள் மூக்குகளும் இருந்தன,
ஒப்பீட்டுக்காகப் பஞ்சு விட்டு எடுத்தவை.
முப்பத்தோராம் இலக்கம் நான்.
அப்போது எனக்குத் தடிமன்கூட இல்லை.

என்னுடையது வேறு சட்டை.
ஆறு இலக்கமும் வேறு.
ஏழாவதில்
அந்தச் சைற்றோசின்.

என்னிடமிருந்து போனதல்ல. காலம் பொருந்தாது,
வம்சம் பொருந்தாது, அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன்.
ஆனாலும் இந்த ஓர் எழுத்து
நான் அறியாமல் என் மூச்சில் குடியிருந்து
நூற்று மூன்றாம் இலக்க பஸ்ஸில் தொங்கி,
பொரளைச் சந்தியில் மழைக்கு ஒதுங்கி,
யாருடைய தும்மலிலோ இறங்கி ஏறி
எத்தனை வருசமாய்க் கொழும்பைச் சுற்றியதோ.
ஆயிரம் தொண்டைகளில் ஒன்றும் செய்யாமல் இருந்தது.
ஒன்றில் மட்டும் குருதிக்குள் இறங்கி
மூளையின் சவ்வைத் தொட்டது. ஏன் என்பதற்கு
என்னிடம் இலக்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது.
புதிய எழுத்துக்குப் புதிய இலக்கம் தந்திருந்தார்கள்.
பதிவேட்டில் எழுதி, கோடிட்டு,
அறிக்கையைக் கொடுக்க வாட்டுக்குப் போனேன்.

காய்ச்சல் விட்டிருந்தது.
கழுத்து வளைந்தது. பால் குடித்தானாம்.
தாய் றுமைஸா அவனுக்குப் பின்னால் நின்று
வெறும் பிஸ்கட் டின்னில் கரண்டியால் தட்டினாள்.
யன்னல் காகம் எழும்பிப் பறந்தது.
அடுத்த கட்டில் பிள்ளை வீரிட்டது.
நான் திரும்பினேன்.

அவன் மேலே சுழலும் விசிறியைப் பார்த்துச்
சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் இன்னும் கிட்டப் போய்
இன்னும் பலமாய்த் தட்டினாள்.