காற்றில் நிற்பது

ருஸ்தாவி கார்ச் சந்தையில் மார்ச் மாதச் சேறு.
விலையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு
வரிசை வரிசையாக நின்றன கார்கள்,
பெண் பார்க்க வந்தவனைப் பார்க்காத மாதிரி.
இது மட்டும் பார்த்தது.

பன்னிரண்டு வயது. கறுப்பு.
பிறப்பு ஜெர்மனி, வளர்ப்பு ஒஹையோ.
அங்கே எதிலோ மோதி, கப்பலேறி,
போத்தி துறைமுகத்தில் இறங்கியது.
வலப்பக்கக் கதவு வேறொரு காருடையது.
நல்ல வெயிலில்தான் தெரியும்
கறுப்பில் எத்தனை கறுப்பு என்று.

"ஒரு டாக்டரம்மா ஓட்டினது" என்றான் விற்றவன்.
உலகத்துப் பழைய கார்களையெல்லாம்
அந்த ஒரு டாக்டரம்மாதான் ஓட்டியிருக்கிறாள்,
அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

நான் மினிபஸ் ஓட்டுகிறவன்.
பதினெட்டு இருக்கை, இருபத்தாறு பேர்,
என் தோளில் எப்போதும் யாருடைய பையாவது.
சும்மா உட்கார்ந்து பார்த்தேன்.
இருக்கை நகர்ந்து, நிமிர்ந்து,
முதுகில் ஓரிடத்தைத் தொட்டு நின்றது:
இங்கேதானே வலிக்கிறது?
அதற்குப் பிறகு பேரம் பேச எனக்கு நா எழவில்லை.

எத்தேரி பால்கனியிலிருந்தே பார்த்தாள்.
"அழகாத்தான் இருக்கு.
நம்ம சலவை மெஷினும் இருந்திருக்கும்,
வாங்கியிருந்தா."

மறுநாள் காலை
கார் வயிறு தரையில் பட
படுத்துக் கிடந்தது.
சாவியைத் திருப்பினேன். உள்ளே ஏதோ முனகி
முன்னங்கால் முதலில், பிறகு பின்னங்கால்,
ஒட்டகத்துக்கு நேர்மாறாக எழுந்தது.

"இதுக்கு ஸ்பிரிங் கிடையாது" என்றது
காருக்கு அடியிலிருந்து கோச்சாவின் குரல்.
"காத்துலதான் நிக்குது. பையில ஓட்டை."
எவ்வளவு ஆகும்?
சொன்னான்.
ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்தா?
அடியில் சிரிப்புச் சத்தம்.

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
ஏப்ரலில் தண்ணீர் பம்ப்.
மே மாதம் கடுகளவு ஒரு சென்சார்;
அதற்கு நான் கொடுத்தது
திபிலிசிக்கு நூற்றுப்பத்து நடை.
பின்கண்ணாடித் திரை ஒருநாள் தானே ஏறியது,
இன்னும் இறங்கவில்லை.
இருக்கைக்குக் கீழே ஒரு நாய்த்தீனி ரசீதும்
பாதி தேய்ந்த நீல வண்ணக்குச்சியும் கிடந்தன.
டாக்டரம்மா பொய், சரி.
நாய் நிஜம்.

செப்டம்பரில் மூன்றாம் மாடி ஷெர்மதின் இறந்தார்,
இரும்பாலையில் கிரேன் ஓட்டியவர்.
அவர் மனைவி சியாலா கதவைத் தட்டினாள்:
"பெட்டிக்குப் பின்னாடி நான் போக
உன் கார் கிடைக்குமா?"
இரவெல்லாம் துடைத்தேன்.

வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்திருந்தேன்.
அந்தக் குறுகிய படிக்கட்டில்
ஆறு ஆண்கள் பெட்டியைத் திருப்பத் திருப்ப
நேரம் போய்க்கொண்டே இருந்தது.
எனக்கோ வயிற்றில் புளி கரைந்தது.
கடைசியில் பெட்டியின் முனை வெளியே தெரிந்த அதே நொடி
'உஸ்' என்றொரு பெருமூச்சு.
கார் முன்பக்கம் தாழ்ந்தது,
மெல்ல, மிக மெல்ல,
மண்டியிட்டது.

தொப்பி வைத்திருந்தவர்கள் எடுத்தார்கள்.
யாரோ சிலுவைக்குறி இட்டுக்கொண்டார்கள்.
சியாலா வந்து
பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள்,
குதிரை நெற்றியில் வைக்கிற மாதிரி.
ஓட்டை என்று நான் சொல்லவில்லை.
எத்தேரிக்குத் தெரியும்.
அவளும் சொல்லவில்லை, அவள் பார்த்தது என்னை.

போன வாரம் கோச்சா கூப்பிட்டான்.
பதுமியில் ஒரு பழைய கார் பிரித்தார்களாம்,
காற்றுப்பை இரண்டும் புதுசு மாதிரி, பாதி விலை.
வைத்திரு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.
பணம் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று
கேட்காதீர்கள்.

இரவு பதினொன்றரை இருக்கும்.
கீழே முற்றத்தில்
அந்த நீளமான மூச்சு.
"படுத்துடுச்சு" என்று
எத்தேரி விளக்கை அணைக்கிறாள்.