ஆட்சேபணை இல்லை

திங்கட்கிழமை கொடுத்த மனு
வியாழக்கிழமை என் மேசைக்கு வந்தது.
ஓரத்தில் பச்சை மை:
'உரிய நடவடிக்கை எடுத்து மனுதாரருக்குத் தெரிவிக்க.'

மனுதாரர் மாதம்மாள்.
பாலக்கோடு மண்டியில் நாலு பெட்டி தக்காளி எடுத்து
மாரண்டஅள்ளியில் கூறு வைக்கிறவள்.
யாரோ எழுதிக் கொடுத்த மனு.
உயர்திரு, சமூகம், பணிவு எல்லாம் இருந்தது.
நடுவில் ஒரு இடம் மட்டும்
அவள் வாயிலிருந்து அப்படியே விழுந்திருந்தது:
'பத்தாயிரம்னு எழுதிக்கிட்டான், எட்டரதான் குடுத்தான்.
நூறு நாளு, நூறு நூறு ரூவா.
மழையில மண்டியே இல்ல,
அன்னிக்கும் அவன் வண்டி வந்துச்சு.'

கோப்பைக் கேட்டு வாங்கினேன்.
தீர்த்தகிரி பைனான்ஸ்.
உரிமதாரர்: சாலம்மாள், கணவர் பெயர் தீர்த்தகிரி.
கையொப்பத்துக்கு இடது பெருவிரல்.
சலான் இருந்தது, வாடகை ஒப்பந்தம் இருந்தது,
வருவாய் ஆய்வாளர் அறிக்கை இருந்தது:
'நேரில் தணிக்கை செய்தேன். ஆட்சேபணை இல்லை.'
அடியில் என் கையெழுத்து.

நேரில் எங்கே போனேன்?
அது வாக்காளர் பட்டியல் வேலை நடந்த மாதம்.
இருபத்தேழு கோப்புக்கும்
ஒரே சாயங்காலத்தில் ஆட்சேபணை இல்லாமல் போனது எனக்கு.

ஜீப்பில் கிளம்பினோம்.
தாசில்தார் முன்னால், நான் பின்னால்.
டிரைவர் மல்லேசன்
வேகத்தடை இல்லாத இடத்திலும் மெதுவாகப் போனார்.

செருப்புக் கடையை அடுத்து, மாடிப்படிக்குக் கீழே அறை.
லட்சுமி படத்துக்குப் பக்கத்தில்
கண்ணாடி போட்டு மாட்டிய உரிமம்.
அதற்கும் சந்தனப் பொட்டு.
உரிமதாரர் எங்கே என்றோம்.
ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி
மாடியிலிருந்து இறங்கி வந்தவர்
சட்டத்துக்குள் இருந்ததை எட்டிப் பார்த்து
'எம் பேரா?' என்றார்.

பேரேடு சுத்தம்.
அரசு சொன்ன வட்டி, வரிசை எண் போட்ட ரசீது,
பன்னிரண்டு மாதக் கணக்கும்
ஒரே பேனாவில், ஒரே மையில், ஒரே சாய்வில்.
மாதம்மாள் என்ற பேர் எங்கேயும் இல்லை.

பிஸ்கட் டின்னைத் திறந்தது வி.ஏ.ஓ.தான்.
ரப்பர் பேண்டு போட்ட ஏ.டி.எம். கார்டுகள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி,
பிளாஸ்திரி மேல் நாலு எண்.
முப்பத்திரண்டு.

மகஜர் எழுதினேன்.
வங்கியின் பெயர், கார்டில் உள்ள பெயர்,
வங்கியின் பெயர், கார்டில் உள்ள பெயர்.
பதினேழாவதில் பேனா நின்றது.
வாசலைப் பார்த்தேன்.
ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
துடைத்த இடத்தையே.
தாசில்தார் 'ம், அடுத்தது' என்றார்.
பதினேழு: மல்லேசன்.

உரிமத்தைக் கழற்றும்போது
ஆணியும் காரையும் சேர்ந்து வந்தன.

ஒன்றாம் தேதி
ஜீப்பைக் கிளப்பாமல் மல்லேசன் கேட்டார்:
'மேடம், கார்டு கோர்ட்டுல இருக்குதாம்.
முன்னல்லாம் அவரு எடுத்துக்கிட்டு
மூவாயிரமாச்சும் கையில குடுப்பாரு.'
பேங்கில் எழுதிக் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.
'ஆதாரும் பாஸ்புக்கும் அவருகிட்டதான மேடம்.'
டின்னில் இல்லையே?
'அது வேற டின்னு.'

அறிக்கை அனுப்பிவிட்டேன்:
உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது,
மனு முடிக்கப்படுகிறது.

அடுத்த புதன் விடிகாலை
யாரும் சொல்லாமல் மாரண்டஅள்ளிக்குப் போனேன்.
வாசலில் போர்டு இல்லாதவனுக்கு
நிறுத்தி வைக்க என்ன இருக்கிறது?
புதுப் பையன், அதே வண்டி, தோளில் ரெக்சின் பை.
சாக்கு சாக்காக நின்று வந்தான்.
மாதம்மாள் இடுப்புச் சுருக்கிலிருந்து எடுத்து நீட்டினாள்.
முன்பு ஒரு அட்டையில் கோடாவது கிழிப்பானாம்;
இப்போது அதுவும் இல்லை.

என்னைப் பார்த்தாள்.
தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
'கிலோ இருவது. எவ்ளோ போட?'

ஒரு கிலோ என்றேன்.
பொட்டலம் கட்டிய காகிதத்தின் மேல்
வண்டி எண்ணை எழுதிக்கொண்டேன்.
பழுத்த காய். பஸ் ஏறுவதற்குள்
கடைசி இரண்டு எண்ணும் ஊறிப்போயின.
ஏழா, ஒன்றா?
இறங்கித் திரும்பி நடந்தேன்.